பள்ளி வாயிலும் ஒரு கோப்பைக் காபியும்

இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில், காலையில் பிள்ளைகளை வகுப்பில் விட்டபின் பெற்றோரும் பராமரிப்போரும் கூடிக் காபி அருந்தும் வழக்கம் உண்டு. இதை வெறும் உபசாரமென நாம் கடந்துவிடலாகாது. வாயிலுக்கு வெளியே நின்றவர்கள் உள்ளே வந்த வரலாறு இதன் பின்னே இருக்கிறது.

1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பிள்ளையைப் படிக்கவைப்பதைப் பெற்றோரின் கடமையாக்கியது. பள்ளி நிர்வாகத்தில் அவர்களுக்குக் கட்டாய இடம் 1980ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் கிட்டியது. இடையில், 1967இல் பிரிட்ஜெட் பிளௌடன் தலைமையிலான குழு தன் அறிக்கையை வெளியிட்டது. பிள்ளைகளின் தேர்ச்சி வேறுபாட்டுக்கு வீட்டு வசதியையும் பள்ளியின் தன்மையையும்விடப் பெற்றோரின் மனப்பாங்கே மிகுதியும் காரணமென அதன் ஆய்வு கண்டது. பெற்றோரை வரவேற்கவும், அவர்கள் ஆசிரியரைச் சந்திக்கவும் பள்ளிகள் வழிசெய்ய வேண்டுமென அக்குழு பரிந்துரைத்தது.

'பராமரிப்போர்' என்னும் சொல்லும் கருதத்தக்கது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பிள்ளையைப் பராமரிப்பவரையும் பெற்றோராகவே கொள்கிறது. வளர்க்கும் பாட்டியும் வளர்ப்புத் தாயும் அதில் அடங்குவர்.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. காலை ஒன்பது மணிக்கு வரக்கூடியவர் யார்? இரவுப் பணி முடித்து உறங்குபவரும், மணிக்கணக்கில் கூலி பெறுபவரும் வர இயலாது. வராதவர்க்கு அக்கறையில்லை என்று பள்ளி முடிவுகட்டிவிட்டால், பழைய வாயில் மீண்டும் சாத்தப்பட்டதாகவே நாம் கொள்ள வேண்டும். மாதம் ஒருமுறையேனும் அக்காபியை மாலையில் தருவது அரிய செயலன்று.