மடிக்கணினியில் கிராபிக்ஸ் மேம்பாடும் அதன் எல்லைகளும்

கையில் இருக்கும் மடிக்கணினியின் வரைகலைத் திறனை, வாங்கிய பிறகு கூட்ட முயல்வதே மடிக்கணினி கிராபிக்ஸ் மேம்பாடு. இந்தத் திறனுக்குப் பொறுப்பான சிப்பை ஜிபியு என்பார்கள். மேசைக் கணினியில் இது அரைமணி நேர வேலை. பக்கவாட்டு மூடியைக் கழற்றி, பழைய கார்டை உருவி, புதியதைச் செருகி, மின்கம்பியை மாட்டினால் முடிந்தது. மடிக்கணினிகளில் மிகப் பெரும்பாலானவற்றில் இதற்கு வழியே கிடையாது. பலவற்றில் ரேம் மாற்றலாம், எஸ்எஸ்டி மாற்றலாம், பேட்டரியும் மாற்றலாம். கிராபிக்ஸ் மட்டும் வாங்கிய நாளில் வந்ததுதான். ஏன் இப்படி, விதிவிலக்குகள் எவை, உண்மையில் எதைச் செய்ய முடியும் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் பணத்தை இழப்பவர்கள் ஏராளம். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

போர்டோடு ஒட்டிய சிப்

மடிக்கணினி ஜிபியு இரண்டு வகை. ஒன்று, சிபியுவுக்குள்ளேயே அடங்கியது. இன்டெல் ஐரிஸ் எக்ஸ்இ, ஏஎம்டி ரேடியான் கிராபிக்ஸ் ஆகியவை இந்த வகை. இதைத் தனியே மாற்றுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. மற்றது, தனி ஜிபியு. “கிராபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப்” என்று கடைகளில் விற்பது இதைத்தான். ஆனால் அதன் அடிமூடியைத் திறந்து பார்த்தால் கார்டு என்று எதுவும் கண்ணில் படாது. இரண்டு மின்விசிறிகளும் அவற்றை இணைத்து ஓடும் தட்டையான செப்புக் குழாய்களும் தெரியும். அந்தக் குழாய்களைக் கழற்றினால், பழைய தெர்மல் பேஸ்ட் சாம்பல் நிறத்தில் காய்ந்து கிடக்கும். துடைத்தால் கண்ணாடிபோல் மின்னும் இரண்டு சதுரங்கள். ஒன்று சிபியு, மற்றது ஜிபியு. ஜிபியுவைச் சுற்றி நான்கோ எட்டோ கறுப்புச் சில்லுகள் நெருக்கமாக நிற்கும். அவை அதற்கே உரிய நினைவகம். எல்லாம் ஒரே மதர்போர்டின் மேல்.

ஜிபியுவின் அடியில் ஊசிகள் கிடையாது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொடி சால்டர் உருண்டைகள் வரிசையாக இருக்கும். பிஜிஏ என்பது இந்த முறைதான். இப்போது பயன்படும் ஈயமற்ற சால்டர் ஏறத்தாழ 217 டிகிரி செல்சியஸில் உருகும். எல்லா உருண்டைகளும் ஒரே சமயம் உருகும்படி அடியிலிருந்தும் மேலிருந்தும் சூடேற்றினால்தான் சிப் கையோடு வரும். இதற்கான பிஜிஏ இயந்திரம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் சிப் லெவல் சர்வீஸ் செய்வோரிடம் உண்டு. பழுதான சிப்பை எடுத்துவிட்டு அதே மாதிரிச் சிப்பை வைப்பார்கள். அது பழுதுபார்ப்பு, மேம்பாடு அல்ல. அடுத்த தலைமுறைச் சிப்பை அதே இடத்தில் வைக்க முடியாது. உருண்டைகளின் அடுக்கு மாறும், கேட்கும் மின்னழுத்தம் மாறும், நினைவகத்துக்குப் போகும் தடங்களும் மாறும்.

சால்டரைப் பற்றிப் பேசும்போது 2008ஐ விட்டுவிட முடியாது. அந்த ஆண்டு ஜூலையில், தன் மடிக்கணினிச் சிப்புகள் சில வழக்கத்தைவிட அதிகமாகப் பழுதாகின்றன என்று என்விடியா ஒப்புக்கொண்டு, அதற்காக 150 முதல் 200 மில்லியன் டாலர் ஒதுக்கியது. சிப்புக்கும் அதன் அடித்தட்டுக்கும் இடையிலுள்ள நுண்ணிய இணைப்புகள், சூடேறி ஆறி, சூடேறி ஆறி, விரிசல் விட்டன. அடியிலுள்ள உருண்டைகளை மட்டும் புதிதாக்கும் ரீபாலிங் வேலைக்குப் பலர் பணம் கொடுத்தார்கள். கணினி சில வாரம் ஓடும். மறுபடி திரை கறுக்கும். குறை உருண்டையில் இல்லை, சிப்பின் உள்ளே இருந்தது. ஜிபியு தனி அட்டையில் இருந்த மடிக்கணினிகள் தப்பின, அட்டையை மாற்றினால் போதும். மற்றவர்கள் மதர்போர்டையே மாற்ற வேண்டியதாயிற்று. சிப்பைப் போர்டோடு ஒட்டுவதன் விலை இதுதான். மேம்பாடு மட்டுமல்ல, ஆயுளும் அதோடு சேர்ந்து கட்டுண்டு போகிறது.

சூடும் மின்சாரமும்

சிப்பை எப்படியோ மாற்றிவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அடுத்து வருவது வெப்பம். மேசைக் கணினிக்கான ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு 450 வாட் வரை இழுக்கும். அதே பெயரில் மடிக்கணினிக்கு வரும் சிப்புக்கு நிர்ணயித்த அளவு 80 முதல் 150 வாட். பெயர் ஒன்றானாலும் சிப் வேறு. மேசைக் கணினியில் 16,384 கணிப்பு அலகுகளும் 24 ஜிபி நினைவகமும். மடிக்கணினியில் 9,728 அலகுகளும் 16 ஜிபியும். மேசைக் கணினியின் 4080இல் இருக்கும் சிப்தான் மடிக்கணினியில் 4090 என்ற பெயர் சூடி வருகிறது. வாங்குபவரைக் குழப்பும் இந்தப் பெயரிடல் நியாயமானதல்ல.

ஒரே பெயருள்ள இரு மடிக்கணினிகளும் சமமல்ல. ஆர்டிஎக்ஸ் 4060 மடிக்கணினிச் சிப்புக்கு 35 வாட் முதல் 115 வாட் வரை எந்த அளவை வேண்டுமானாலும் தயாரிப்பாளர் நிர்ணயிக்கலாம். மெல்லிய உடலில் அடைத்த 4060ஐ, தடித்த உடலிலுள்ள 4050 முந்திவிடவும் கூடும். டிஜிபி எனப்படும் இந்த வாட் அளவு விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவதில்லை. விவரப்பட்டியலின் கடைசி வரிகளில் தேடிப் பார்க்க வேண்டும்.

குழாய், விசிறி, அடாப்டர், மதர்போர்டில் மின்னழுத்தத்தை இறக்கும் பகுதி என எல்லாமே அந்த ஒரு வாட் அளவுக்காக வடிவமைத்தவை. விமானத்தில் சிறப்பு அனுமதியின்றிக் கொண்டுபோகும் பேட்டரிக்கு 100 வாட்-மணி வரம்பு இருப்பதால், பெரிய மடிக்கணினிகளும் 99 சொச்சத்தில் நின்றுவிடுகின்றன. 150 வாட் கேட்கும் ஜிபியுவை அதில் ஓட்டினால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. அதனால்தான் சார்ஜரைப் பிடுங்கியதும் விளையாட்டு தடுமாறுகிறது.

மென்பொருளும் ஒரு பூட்டு. ஒட்டிய ஜிபியுவை எழுப்பும் வீபயாஸ் என்ற நிரல் பெரும்பாலும் மடிக்கணினியின் பயாஸுக்குள்ளேயே பொதிந்திருக்கும். தனக்குத் தெரியாத சிப்பை அது எழுப்பாது. 2010இல் வந்த என்விடியாவின் ஆப்டிமஸ் ஏற்பாட்டில் தனி ஜிபியுவுக்குத் திரையோடு நேரடி இணைப்பே இல்லை. வரைந்த படத்தைச் சிபியுவுக்குள் இருக்கும் ஜிபியுவிடம் ஒப்படைக்கும், திரைக்கு அனுப்புவது அதன் வேலை. பேட்டரி மிச்சமாகும், உண்மைதான். ஆனால் இரண்டு ஜிபியுக்களும் பின்னிப் பிணைந்துவிட்டதால் ஒன்றை மட்டும் பெயர்த்தெடுப்பது இன்னும் கடினமாயிற்று.

எம்எக்ஸ்எம்: ஒரு நல்ல முயற்சி

சிப் போர்டோடு ஒட்டிக்கொள்ளும் சிக்கலைத் தீர்க்கவே 2004இல் என்விடியா எம்எக்ஸ்எம் என்ற பொதுத்தரத்தைக் கொண்டுவந்தது. ஜிபியுவையும் அதன் நினைவகத்தையும் உள்ளங்கை அளவு அட்டையில் வைத்து, மதர்போர்டில் சாய்வாகச் செருகித் திருகால் இறுக்குவது. இதன் 3.0 பதிப்பில் சிறிய அட்டை 82 x 70 மில்லிமீட்டர், பெரியது 82 x 105 மில்லிமீட்டர். கிளெவோ, எம்எஸ்ஐ போன்றவற்றின் கேமிங் மடிக்கணினிகளிலும், டெல் பிரிசிஷன், எச்பி இசட்புக் போன்ற பணிக் கணினிகளிலும் இது இருந்தது. ஆர்வலர்கள் பழைய அட்டையைக் கழற்றிப் புதியதை வைத்தார்கள். பலருக்கு வேலை செய்தது.

பலருக்குச் செய்யவும் இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் திருகுத் துளையையும் செப்புத் தகட்டையும் தன் வசதிக்கு வளைத்தது. அட்டை செருகியில் கச்சிதமாகப் பொருந்தும். குளிரூட்டி அதன் மேல் உட்காராது. உட்கார்ந்தாலும் பயாஸ் ஏற்காது. என்விடியாவின் டிரைவர்கூட அந்த மாதிரி எண்ணைத் தன் பட்டியலில் தேடி, இல்லையென்றால் நிறுவ மறுக்கும். பட்டியல் கோப்பைத் திருத்தி ஏமாற்றியவர்கள் உண்டு. 2016இல் ஜிடிஎக்ஸ் 10 வரிசை வந்தபோது அதிக வாட் கேட்கும் அட்டைகள் வரையறுத்த அளவையே மீறின. கடைகளில் தனியாக அட்டை விற்கும் சந்தை உருவாகவே இல்லை. தரம் இருந்தும், அதைக் காக்கும் கடமையை யாரும் ஏற்கவில்லை. எம்எக்ஸ்எம் வீழ்ந்ததற்குத் தொழில்நுட்பத்தைவிட இதுவே பெரிய காரணம்.

2019 ஜனவரியில் டெல்லின் ஏலியன்வேர் பிரிவு ஏரியா-51எம் மடிக்கணினியை அறிவித்தது. ஏறத்தாழ 3.9 கிலோ எடை, மேசைக் கணினியின் சிபியு, மாற்றத்தக்க ஜிபியு. ஆனால் அந்த ஜிபியு அட்டை எம்எக்ஸ்எம் அல்ல. டெல்லின் சொந்த வடிவம். அடுத்த தலைமுறைச் சிப்புகள் வந்தபோது அவற்றை இதில் பொருத்த முடியவில்லை என்று குறைபட்டு 2021இல் அமெரிக்காவில் வழக்கே தொடுக்கப்பட்டது. மாற்றலாம் என்ற வாக்குறுதி, மாற்றுவதற்கான பொருளை யாராவது செய்து விற்கும்வரைதான் செல்லும்.

அந்தப் பொருளைச் செய்து விற்ற நிறுவனம் ஃப்ரேம்வொர்க். 2024இல் வாங்குபவர் கைக்கு வந்த அதன் 16 அங்குல மடிக்கணினியில், பின்பக்கம் முழுவதும் கழற்றக்கூடிய ஒரு பெட்டி. ஜிபியு, அதன் நினைவகம், விசிறிகள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள். முதலில் ஏஎம்டி ரேடியான் ஆர்எக்ஸ் 7700எஸ் வந்தது. 2025இல் அதே உடலுக்கு 100 வாட் ஆர்டிஎக்ஸ் 5070 பெட்டியை அறிவித்தார்கள். குளிரூட்டியையும் ஜிபியுவோடு சேர்த்தே மாற்றுவதுதான் இதன் சூட்சுமம். எம்எக்ஸ்எம் சறுக்கிய இடம் அது. இருபது ஆண்டுகளாக முடியாது என்று சொல்லப்பட்டதை ஒரு சிறிய நிறுவனம் செய்து காட்டியிருக்கிறது. பாராட்ட வேண்டும்.

வெளியே வைக்கும் ஜிபியு

உள்ளே மாற்ற முடியாவிட்டால் வெளியே வைக்கலாம். மேசைக் கணினியின் கார்டை ஒரு பெட்டியில் போட்டு, அதற்கு மின்சாரம் கொடுத்து, கேபிள் வழியாக மடிக்கணினியோடு இணைப்பதை இ-ஜிபியு என்பார்கள். 2015இல் தண்டர்போல்ட் 3 வந்த பிறகு இது சாமானியருக்கும் எட்டியது. மறு ஆண்டே ரேசர் கோர் பெட்டி விற்பனைக்கு வந்தது. ஆப்பிள் 2018 மார்ச்சில் மேக்ஓஎஸ் 10.13.4இல் முறையாக ஆதரவு தந்தது. எம்1 முதலான தன் சொந்தச் சிப்புகளுக்கு மாறியபோது அந்த ஆதரவு போய்விட்டது.

இங்கே எல்லை, கேபிளின் அகலம். தண்டர்போல்ட் 3 நொடிக்கு 40 கிகாபிட் என்றாலும் ஜிபியு தரவுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 32. நடைமுறையில் இன்னும் குறைவு. மேசைக் கணினியின் பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 முழுச்செருகியோடு ஒப்பிட்டால் கால் பங்கு. வரைந்த படத்தை மடிக்கணினியின் சொந்தத் திரையிலேயே பார்த்தால், படம் அதே கேபிள் வழியே திரும்பி வர வேண்டும். வேகம் மேலும் குறையும். அதனால் தனி மானிட்டரைக் கார்டிலேயே இணைப்பது நல்லது. ஆகுலிங்க் என்ற வேறொரு வகை இணைப்பு 64 கிகாபிட் வரை தருகிறது. அந்தப் போர்ட் உள்ள மடிக்கணினிகள் சொற்பம். 2023இல் அறிவிக்கப்பட்ட தண்டர்போல்ட் 5 இந்த நெரிசலைத் தளர்த்துகிறது. யுஎஸ்பி-சி போர்ட் இருந்தாலே போதும் என்று நம்பிப் பெட்டி வாங்கிவிடக் கூடாது. போர்ட்டின் பக்கத்தில் மின்னல் குறி இருக்கிறதா, விவரப்பட்டியலில் தண்டர்போல்ட் அல்லது யுஎஸ்பி4 என்று போட்டிருக்கிறதா எனப் பார்க்க வேண்டும்.

உண்மையில் கைகூடுவது

தனி ஜிபியு இல்லாத மடிக்கணினி வைத்திருப்போருக்கு ஒரு மலிவான வழி உண்டு. சிபியுவுக்குள் இருக்கும் ஜிபியுவுக்குச் சொந்த நினைவகம் கிடையாது. கணினியின் ரேமையே கடன் வாங்குகிறது. டிடிஆர்4-3200 ரேம் ஒன்று மட்டும் இருந்தால் நொடிக்கு 25.6 ஜிபி கடத்தும். இரண்டு இருந்தால் 51.2. தனி 4060 சிப்பின் நினைவகம் 256 ஜிபி கடத்துகிறது என்பதை வைத்து இடைவெளியைப் புரிந்துகொள்ளலாம். ஆனாலும் இந்த இரட்டிப்பு கண்கூடாகத் தெரியும். இன்டெல் ஐரிஸ் எக்ஸ்இ உள்ள மடிக்கணினியில் ஒரே ரேம் இருந்தால் டிவைஸ் மேனேஜர் அதை வெறும் ‘யுஎச்டி கிராபிக்ஸ்’ என்றே காட்டும். இரண்டாவது ரேமைப் போட்டதும் ‘ஐரிஸ் எக்ஸ்இ’ என்று பெயரே மாறும். பயாஸில் வீடியோ நினைவக அளவை ஏற்றி வைப்பதால் இந்தப் பலன் வராது. அதுவும் அதே ரேமிலிருந்து ஒதுக்குவதுதான்.

விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைச் சொடுக்குங்கள். ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு’ என்ற இடத்தில் இரண்டில் ஒன்று என்று இருந்தால், ஜிபியுவை மாற்றித் தருவதாகச் சொல்பவரிடம் போகும் முன், அந்தக் காலி இடத்தில் ஒரு ரேமை வாங்கிப் போடுங்கள்.