வடித்த கஞ்சி: பல், காயம், பத்தியம் குறித்த சில வரலாற்றுக் குறிப்புகள்

கஞ்சி என்றதும் நம்மில் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது நோன்பு மாதத்து அஸர் நேரம்தான். பள்ளிவாசல் முற்றத்தில் பெரிய கிடாரம், வரிசையில் வாளியும் சட்டியுமாகச் சிறுவர்கள், தேங்காய்ப்பாலும் இஞ்சியும் கலந்த மணம். அந்த ஒரு மாதத்தின் பண்டமாகவே கஞ்சியை இன்று நாம் சுருக்கிவிட்டோம். ஆனால் நமது உம்மாமாரின் காலத்தில் கஞ்சி முதலில் நோயாளியின் உணவாக இருந்தது. நோன்பாளியின் உணவு என்ற பெயர் அதற்குப் பிறகுதான். காய்ச்சல்காரருக்குக் கஞ்சி, பிள்ளை பெற்றவளுக்குக் கஞ்சி, பல் விழுந்த கிழவருக்குக் கஞ்சி, பல் பிடுங்கியவருக்கும் கஞ்சி. இந்த நோயாளி உணவின் வரலாறு நமது சமூகத்தின் வரலாற்றோடு எங்கெங்கே தொட்டுக்கொள்கிறது என்பதைத் தேடியதன் விளைவே இக்கட்டுரை.

தேட வைத்தது ஒரு துண்டுத் தாள். சென்ற வருடம் எனது கடைவாய்க்குப் பின்னால் சரிந்து முளைத்திருந்த ஞானப்பல்லை, ஈறைக் கீறி, எலும்பைச் சற்று அராவி எடுத்தார்கள். வெளியே வரும்போது, என்ன சாப்பிடலாம், என்ன சாப்பிடக்கூடாது என்று அச்சடித்த ஒரு தாள் தந்தார்கள். ஆங்கிலத்தில் ஒரு பக்கம், சிங்களத்தில் ஒரு பக்கம். தமிழ் இல்லை. பக்கத்தில் கன்னத்தைப் பொத்திக்கொண்டிருந்த ஒரு தாய், "தம்பி, இதில என்ன போட்டிருக்கு? நான் கஞ்சி குடிக்கலாமா?" என்று கேட்டார். தாளில் ஐஸ்கிரீம் இருந்தது, யோகட் இருந்தது, மசித்த உருளைக்கிழங்கு இருந்தது. கஞ்சி என்ற சொல் இல்லை. ஆனால் அந்தத் தாள் சொன்ன முறையை, முதலில் நீர்மம், பிறகு குழைவு, பிறகு மெல்லும் உணவு என்ற அந்த ஒழுங்கை, அந்தத் தாய் தன் வீட்டிலேயே அறிந்து வைத்திருந்தார்.

சொல் போன தூரம்

கஞ்சி பழைய தமிழ்ச் சொல். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்து அட்டிற்சாலைகளில் சோறு வடித்த கஞ்சி தெருவில் ஆறுபோல ஓடுவதாக ஒரு காட்சி வருகிறது. அங்கே கஞ்சி வளத்தின் அடையாளம். வடித்துக் கொட்டுமளவுக்குச் சோறு பொங்கிய ஊரின் பெருமை. அதே கஞ்சி வறுமைக்கும் அடையாளமானது பிற்காலத்து வழக்கு. "கஞ்சிக்கும் வழியில்லை" என்று நாம் சொல்வதில் அந்த இரண்டாவது பொருள்தான் இருக்கிறது.

மூன்றாவது பொருள் மருந்து. கோவாவில் வாழ்ந்த போர்த்துக்கேய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563இல் இந்திய மருந்துப் பொருட்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். வாந்தியும் பேதியும் கண்ட நோயாளிக்கு, அரிசியின் நீரில் மிளகும் சீரகமும் சேர்த்து இங்குள்ளோர் குடிக்கக் கொடுப்பதை அதில் பதிவு செய்து, அதன் பெயர் கஞ்சி என்றும் எழுதுகிறார். அந்தச் சொல் போர்த்துக்கேய மொழிக்குள் போய் 'கான்ஜா' ஆனது. இன்றைக்கும் போர்த்துக்கலிலும் பிரேசிலிலும் உடம்பு சரியில்லாதவருக்குக் கொடுக்கும் கோழியும் அரிசியும் சேர்ந்த சூப்புக்கு அதுதான் பெயர். நமது கரையோரத்தை ஆண்டவர்கள் கொண்டுபோனவற்றில் கறுவாவும் முத்தும் பேசப்படுகின்றன. கஞ்சியும் அந்தக் கப்பல்களில் ஏறியது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

பத்தாலாவில் இறங்கிய பயணி

புத்தளத்து வரலாறு எழுதும் எவரும் இப்னு பதூதாவை விட்டுவிடுவதில்லை. 1344இல் அவர் வந்திறங்கிய பத்தாலா என்பது புத்தளமே என்று அறிஞர் பலரும் கொள்வர். ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்ததும், முத்துகளைக் கண்டதும், பாவா ஆதம் மலைக்குப் போனதும் நமது பிள்ளைகளுக்கும் தெரியும். அவரது பயண நூலில் உணவு பற்றிய ஒரு சிறு குறிப்பு அவ்வளவு கவனிக்கப்படவில்லை. மலபார், மாலைதீவு, இலங்கை, சோழமண்டலக் கரை ஆகிய இடங்களில் மூன்று வருடம் சோறு தவிர வேறு உண்ணாமல் இருந்ததாகவும், கடைசியில் தண்ணீர் சேர்க்காமல் சோறு தொண்டையில் இறங்காத நிலை வந்ததாகவும் அவர் எழுதுகிறார்.

ரொட்டி தின்று வளர்ந்த மொரோக்கோக்காரரின் சலிப்பு அது. சோற்றைத் தண்ணீரோடு இறக்குவது அவருக்குச் சங்கடம். நமக்கு அது பழஞ்சோறு, நீராகாரம், கஞ்சி. ஒரே தட்டை இரண்டு உலகங்கள் பார்த்த விதம் இது. ஆனால் அவர் வந்த உலகத்திலும் கஞ்சி இல்லாமல் இல்லை. அங்கே தானியம் வேறு, பெயரும் வேறு.

தல்பீனாவும் வாற்கோதுமை நீரும்

அரபுலகின் நோயாளிக் கஞ்சிக்குத் தல்பீனா என்று பெயர். வாற்கோதுமை மாவையோ தவிட்டையோ நீரில் காய்ச்சி, சில வேளை தேனும் சேர்த்து, பால் போன்ற வெண்மையிலும் பதத்திலும் இறக்குவார்கள். 'லபன்' என்ற பாலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்த பெயர் அது. நோயாளிக்கும், மரணம் நிகழ்ந்த வீட்டில் துக்கத்தில் இருப்போருக்கும் ஆயிஷா (ரழி) அவர்கள் தல்பீனா காய்ச்சிக் கொடுக்கச் சொல்வார்கள் என்றும், அது நோயாளியின் உள்ளத்துக்கு ஆறுதல் தந்து கவலையில் ஒரு பகுதியைப் போக்கும் என நபி (ஸல்) அவர்கள் கூறக் கேட்டதாக அறிவித்தார்கள் என்றும் இமாம் புகாரி பதிவு செய்திருக்கிறார்கள். மென்மையான உணவு வயிற்றுக்கு மட்டுமல்ல, மனதுக்கும் என்பது இதில் கவனிக்கத்தக்கது. வாய் திறக்க முடியாமல் இரண்டு நாள் இருந்தவருக்கு இது விளங்கும்.

கிரேக்க மருத்துவத்திலும் வாற்கோதுமைக் கஞ்சிக்கு முதலிடம். ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் கடுநோய் உணவு பற்றிய நூல், வடித்த கஞ்சியை எப்போது கொடுப்பது, வடிக்காத கஞ்சியை எப்போது கொடுப்பது என்று நுணுக்கமாக வாதிடுகிறது. அந்த அறிவு அரபு மொழிக்கு வந்தபோது 'மாஉஷ் ஷயீர்' என்ற வாற்கோதுமை நீராகி, இப்னு சீனாவின் 'அல்கானூன்' வரை நீள்கிறது. கிரேக்க நூல்களை அரபுக்குப் பெயர்த்தவர்களில் தலையாயவரான ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (809–873), பல்லையும் ஈறையும் பேணுவது பற்றித் தனியாகவே ஒரு நூல் எழுதினார். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் பல்லுக்காகத் தனி நூல் எழுதிய காலம் அது!

ஸஹ்ராவியின் எச்சரிக்கை

பல் சத்திர சிகிச்சையின் வரலாற்றில் தவிர்க்க முடியாத பெயர் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி (936–1013). ஸ்பெயினின் குர்துபாவுக்கு அருகே மதீனத்துஸ் ஸஹ்ராவில் பிறந்தவர். முப்பது பகுதிகள் கொண்ட அவரது 'அத்தஸ்ரீஃப்' நூலின் கடைசிப் பகுதி சத்திர சிகிச்சை. கருவிகளைப் படம் வரைந்து விளக்கிய அந்தப் பகுதியை 12ஆம் நூற்றாண்டில் கிரெமோனாவின் ஜெரார்ட் இலத்தீனுக்குப் பெயர்த்தார். ஐரோப்பா பல நூற்றாண்டு அதைப் படித்தது.

பல்லில் படியும் காரையைச் சுரண்ட வெவ்வேறு வடிவச் சுரண்டிகளை அவர் வரைந்து காட்டுகிறார். பல் பிடுங்குவது பற்றி அவர் விடுக்கும் எச்சரிக்கை இன்றைக்கும் பொருந்தும்: வலி நோயாளியை ஏமாற்றும், நல்ல பல்லைக் காட்டி, இதைப் பிடுங்கு என்பான், பிடுங்கிய பிறகும் வலி போகாது. ஆகவே எந்தப் பல் நோயுற்றது என்று உறுதி செய்த பிறகே கை வைக்க வேண்டும், அவசரப்படக்கூடாது என்கிறார். நாவிதர்கள் இதில் செய்த அநியாயத்தையும் கண்டிக்கிறார்.

ஆடும் பற்களைத் தங்கக் கம்பியால் பிணைக்கும் முறையையும் அவர் எழுதினார். தங்கம் ஏன் என்ற கேள்விக்கு, மற்ற உலோகம் கறுக்கும், கெடும் என்பது மருத்துவரின் பதில். ஆண்களுக்குத் தங்கம் ஆகுமா என்ற கேள்விக்கு ஃபிக்ஹின் பதில் வேறொரு காயத்திலிருந்து வந்தது. போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரழி) வெள்ளி மூக்கு வைத்து அது நாற்றமெடுத்தபோது, தங்கத்தில் வைத்துக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸ் அது. அதை ஆதாரமாகக் கொண்டே ஷாஃபிஈ மத்ஹபில் தங்கப் பல்லுக்கு அனுமதி வந்தது. நமது ஊர்களில் பழைய வியாபாரிகள் சிரித்தபோது மின்னிய தங்கப் பல்லுக்குப் பின்னால் இவ்வளவு வரலாறு இருக்கிறது.

மணற்கரையின் முறை

குறிஞ்சிப்பிட்டி என்று பெயர். ஆனால் நிலம் நெய்தல். ஒருபுறம் களப்பு, மறுபுறம் கடல், நடுவே மணல். இந்த மணலில் வெங்காயமும் மிளகாயும் விளையும். நெல்லுக்கு வெளியூரைத்தான் பார்க்க வேண்டும். ஆகவே அரிசியை வீணாக்காத பழக்கம் எங்கள் வீடுகளில் ஊறியது. உடைந்த குறுனலும் நோயாளிக்கு உதவியது.

எங்கள் உம்மும்மாவிடம் ஒரு படிவரிசை இருந்தது. முதல் நாள் வடித்த கஞ்சித் தண்ணி, ஆறவைத்து, உப்பு மட்டும் போட்டு. அடுத்து சவ்வரிசியோ குறுனலோ குழையக் காய்ச்சித் தேங்காய்ப்பால் விட்டது. மூன்றாவது படியில் முருங்கையிலைச் சாறோ வல்லாரையோ சேர்ந்த இலைக்கஞ்சி. சிங்களச் சகோதரர்களின் கொலகந்தைக்கு இது உறவு. பிறகு சொதியில் ஊறிய இடியப்பம், முள் நீக்கி மசித்த மீன். "வாய் கேட்டாலும் புண் கேக்காது மகன், பொறு" என்பார். ஹிப்போகிரட்டீஸ் நூலின் வடித்ததும் வடிக்காததும் என்ற பிரிவை அவர் எந்த நூலிலும் படிக்கவில்லை. அறிவு நூல் வழியாக மட்டும் பயணிப்பதில்லை.

1990 ஒக்டோபர் இறுதியில் வடமாகாணத்திலிருந்து விரட்டப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்துக்கு வந்தனர். மன்னார்க் கரையிலிருந்து தோணிகளில் வந்தோர் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். அப்போது நான் சிறுவன். பசித்த வயிற்றோடும் புண்பட்ட மனதோடும் வந்தவர்களுக்கு ஊர்கள் முதலில் அடுப்பில் ஏற்றியது கஞ்சிதான் என்று மூத்தோர் இன்றும் சொல்வர். நோயாளிக்கும் துக்கத்தில் இருப்போருக்கும் தல்பீனா என்ற அந்த அறிவிப்பை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கிடாரங்கள் நினைவுக்கு வருகின்றன.

மரபில் திருத்த வேண்டியவை

வரலாறு எழுதுவது பெருமை பேசுவதற்கு மட்டுமல்ல. இந்த மரபில் இன்றைய மருத்துவம் திருத்தியவையும் உண்டு. பல் எடுத்த குழியில் உறையும் இரத்தம்தான் புண்ணுக்கு இயற்கை போட்ட மூடி. அது பெயர்ந்தால் எலும்பு வெளித்தெரிந்து, இரண்டு மூன்று நாளில் தாங்க முடியாத வலி எடுக்கும். அதனால்:

• கஞ்சியைச் சுடச்சுடக் குடிக்கக்கூடாது. முதல் நாள் ஆறியதே நல்லது.
• ஸ்ட்ரோ வைத்து உறிஞ்சக்கூடாது. உறிஞ்சும் விசை அந்த மூடியைப் பெயர்க்கும். கரண்டியே போதும்.
• மிளகும் மிளகாயும் பொறுக்கட்டும். குறுனலும் எள்ளும் குழியில் சிக்கும்; ஆகவே முதல் நாட்களில் வடித்ததே சரி.
• சுருட்டும் பீடியும் வெற்றிலையும் புகையிலையும் அறவே கூடாது. புண்ணுக்கு வெற்றிலை மருந்து என்போர் நம்மிடம் இன்னும் இருக்கிறார்கள்.
• ஒரு நாள் கழிந்த பிறகு, இளஞ்சூட்டு நீரில் அரைத் தேக்கரண்டி உப்புக் கரைத்து மெதுவாக வாயை அலசலாம். உப்பளத்து மாவட்டத்தில் பிறந்த நமக்கு இந்த மருந்துக்குப் பஞ்சமில்லை.

இன்னொன்று, கஞ்சி பெரும்பாலும் மாச்சத்தும் தண்ணீரும்தான். அதை மட்டும் வைத்து ஒரு வாரம் ஓட்டினால் புண் ஆறப் புரதம் போதாது. அவித்த முட்டையை மசித்து, பருப்பைக் கடைந்து, மீனை உதிர்த்துச் சேர்க்க வேண்டும். பல் எடுத்தவருக்கு இது ஒரு வாரத்துப் பாடம். பல்லே இல்லாத முதியோருக்கு இது மீதி வாழ்நாள் பாடம். "வாப்பாக்குப் பல் இல்ல, தேத்தண்ணியில பாண் நனைச்சுக் குடுத்தாப் போதும்" என்று சொல்லும் வீடுகளை நான் அறிவேன். வருடக்கணக்கில் தேத்தண்ணியும் பாணுமாக வாழும் முதியவரின் தளர்ச்சியை நாம் வயதின் மேல் போட்டுவிடுகிறோம். அது தட்டின் குறை. நீரிழிவு உள்ளவருக்குச் சீனி போட்ட சவ்வரிசிக் கஞ்சி நாள்தோறும் போவதும் அப்படியே.

இலங்கையில் முறையான பல் வைத்தியக் கல்வி 1943இல் தொடங்கியது. அதற்கு முன்பே, 1929இல், கொழும்பில் திறக்கப்பட்ட சுதேச வைத்தியக் கல்லூரியில் ஆயுர்வேதம், சித்தம் ஆகியவற்றோடு யூனானியும் இடம்பெற்றது. இரண்டு அறிவும் அடுத்தடுத்த வீடுகளாக இந்நாட்டில் இருந்து வருகின்றன. நோயாளியின் சமையலறையில் மட்டும் அவை சந்திக்காமல் இருக்கின்றன.

அந்தச் சந்திப்புக்கு இரண்டு சிறு வேலைகள் போதும். நமது ஊர்களில் எழுபது கடந்த உம்மாமார் இருக்கும்போதே, எந்த நோய்க்கு எந்தக் கஞ்சி, எத்தனையாம் நாள் எந்தப் பதம் என்பதை அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதிவைப்பது ஒன்று. உயர்தர வகுப்பில் தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல செயற்திட்டம் இல்லை. எழுதியதை ஒரு பல் வைத்தியரிடம் காட்டித் திருத்தி, ஒரு பக்கத் தமிழ்த் தாளாக அச்சிட்டு, சிகிச்சை நிலையங்களின் மேசையில் வைக்கக் கேட்பது இரண்டு. அதில் ஐஸ்கிரீமும் யோகட்டும் தாராளமாக இருக்கட்டும். முதல் வரியில் கஞ்சி இருக்கட்டும், ஆறவைத்தது, வடித்தது என்று.