வார்ப்புருக்களில் தொடர்புடைய பதிவுகள்

தரவுத்தளத்தின் வெவ்வேறு அட்டவணைகளில் பிரிந்து கிடக்கும் பதிவுகளை, அவற்றின் பரஸ்பர சம்பந்தம் விளங்கும்படி ஒரே வலைப்பக்கத்தில் சேர்த்துக் காட்டும் முறை. நூலாசிரியர் ஒருவரின் பெயருக்குக் கீழே அவருடைய நூல்களையும், ஒவ்வொரு நூலின் கீழும் அதன் பதிப்புகளையும் வரிசைப்படுத்துவது இதற்கு எளிய உதாரணம். பதிவுகளைக் கேட்டுப் பெறும் பொறுப்பு, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் வார்ப்புருவுக்கு உரியதா, அதற்கு முன்னரே அவற்றைத் திரட்டித் தரும் நிரலுக்கு உரியதா என்னும் பிரச்சினையைச் சுற்றியே இம்முறையின் சரித்திரம் வளர்ந்திருக்கிறது.

தோற்றுவாய்: 1970-ல் ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹொசே ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த எட்கர் காட், தரவுகளை அட்டவணைகளாகப் பிரித்து வைத்து, பதிவுகளில் உள்ள பொதுவான மதிப்புகளைக் கொண்டே அவற்றைப் பிணைக்கும் கொள்கையைப் பிரசுரித்தார். ஒரே செய்தி பல இடங்களில் திரும்பத் திரும்ப எழுதப்படுவதைத் தவிர்க்க வழிசெய்த இக்கொள்கை, சேமிப்பவருக்கு அனுகூலமாக அமைந்ததாயினும், பிரிந்தவற்றை மறுபடியும் கூட்டிப் பார்க்க விரும்பும் வாசகருக்காகத் தனியொரு முயற்சியை அவசியமாக்கிற்று.

ஆரம்ப காலம்: 1995-ல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் வெளியிட்ட பி.எச்.பி.யும், 1996-ன் இறுதியில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஏ.எஸ்.பி.யும் ஆகிய வலை நிரலாக்கக் கருவிகள், பக்கத்தின் குறிகளுக்கு நடுவிலேயே நிரலையும் தரவுத்தளத்துக்கான வினவலையும் எழுத இடங்கொடுத்தன. அவ்வகையைச் சேர்ந்ததும் 1995-ல் வெளிவந்ததுமான கோல்ட்ஃபியூஷனில் வெளியீட்டுக் குறிக்குக் 'குரூப்' என்னும் பண்பு ஒன்று உண்டு. இரண்டு அட்டவணைகளை இணைத்துப் பெற்ற விடையில் ஆசிரியர் பெயர் நூலுக்கு நூல் திரும்ப வருமாதலால், அப்பெயரை ஒரு தடவை மட்டும் அச்சிட்டு, நூல்களை அதன் கீழ் அடுக்குவதே அப்பண்பின் வேலை. விடை முன்கூட்டியே ஆசிரியர் வாரியாக வரிசைப்படுத்தப்படாவிட்டால் தலைப்பு ஆங்காங்கே மீண்டும் முளைத்துவிடும்.

பொருள்வழி முறை: 2004-ல் டேவிட் ஹைன்மையர் ஹான்சன் வெளியிட்ட ரூபி ஆன் ரெயில்ஸும், அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட் என்னும் பத்திரிகையின் காரியாலயத்தில் ஏட்ரியன் ஹோலவாட்டியும் சைமன் வில்லிசனும் உருவாக்கி 2005-ல் பொதுவெளிக்கு வந்த ஜாங்கோவும் ஆகிய வலை அமைப்புகள், பதிவுகளைப் பொருள்களாகக் கையாண்டு, அவற்றுக்கு இடையேயான உறவை நிரலில் ஒரு தடவை அறிவித்துவிட்டால் போதும் என்ற நிலையை ஏற்படுத்தின. உதாரணமாக, ஜாங்கோ வார்ப்புருவில் நிருபரைக் குறிக்கும் பெயரை அடுத்து ஒரு புள்ளியிட்டு உறவின் பெயரையும், மறுபடி புள்ளியிட்டு 'ஆல்' என்பதையும் எழுதினால் அவருடைய கட்டுரைகள் வந்து நிற்கும். ஆனால் வடிகட்டும் நிபந்தனை எதையும் அங்கே எழுத அவ்வார்ப்புரு மொழி அனுமதிப்பதில்லையாதலால், குறிப்பிட்ட ஆண்டின் கட்டுரைகள் மட்டும் வேண்டுமெனில் அதை நிரலிலேயே தயாரித்தாக வேண்டும்.

இடர்ப்பாடும் பரிகாரமும்: இவ்வசதி ஒரு தோஷத்தையும் கூடவே கொண்டுவந்தது. தேவைப்படும் தருணம்வரை தரவுத்தளத்தை நாடாமலிருப்பது இவ்வமைப்புகளின் இயல்பாதலின், வெறுமனே காட்டுவதாகத் தோன்றும் வார்ப்புருவே உண்மையில் வினவலைக் கிளப்புகிறது. 50 கட்டுரைகளைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றின் அருகிலும் நிருபர் பெயரை அச்சிடும் பக்கம், பட்டியலுக்கு ஒன்றும் பெயர்களுக்கு ஐம்பதுமாக 51 வினவல்களை அனுப்பிவிடக்கூடும். இது 'என் பிளஸ் ஒன்' பிரச்சினை எனப் பெயர்பெற்றது. இதற்குப் பரிகாரமாக ஜாங்கோவில் இரண்டு வழிகள் உள்ளன: கட்டுரைக்கு ஒரு நிருபர் என்பது போன்ற ஒற்றை உறவை 'செலக்ட் ரிலேட்டட்' ஒரே வினவலில் இணைத்துக் கொணர்கிறது, 2012-ல் சேர்க்கப்பட்ட 'ப்ரீஃபெட்ச் ரிலேட்டட்', நிருபருக்குப் பல கட்டுரைகள் என்பது போன்ற உறவை இரண்டாவது வினவல் ஒன்றினால் மொத்தமாகப் பெற்று, நினைவகத்தில் உரியவரோடு சேர்க்கிறது. ரெயில்ஸ் 2020-ல், 6.1 பதிப்பில், முன்கூட்டிப் பெறாத உறவை வார்ப்புரு தொட்டால் பிழையென்று நிறுத்திவிடும் கண்டிப்பான ஏற்பாட்டையும் விருப்பத் தேர்வாக அளித்தது. வார்ப்புருவுக்குத் தாராளமாகக் கொடுக்கப்பட்ட சுதந்திரத்தின் ஒரு பகுதி இவ்வாறு நிரலுக்கே திரும்பியது.