முடிச்சுகள் உரைத்த கணக்கு

பெரு நாட்டுக்குச் செல்லும் பயணிகள் மச்சு பிச்சுவின் கற்சுவர்களைக் கண்டு வியந்து திரும்புகின்றனர். இன்காக்களின் ஆட்சித்திறனை அறிய விழைவோர் ஹௌஹா பள்ளத்தாக்கின் களஞ்சியங்களையும் காணவேண்டும். குளிர்காற்று தழுவும் ஆண்டிஸ் மலைச்சரிவில், வரிசை வரிசையாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட கற்களஞ்சியங்கள் எழுந்தன. மக்காச்சோளம் அங்கே நிறைந்திருந்தது. இரவுப் பனியில் உறையவிட்டு, காலால் மிதித்து நீர் பிழிந்து, வெயிலில் உலர்த்திய ‘சுன்யோ’ என்னும் உருளைக்கிழங்கோ ஆண்டுக்கணக்கில் கெடாது.

1533இல் ஸ்பானியர் வந்தனர். அவர்தம் படை அக்களஞ்சியங்களிலேயே உண்டு கொழுத்தது. அப்பகுதியின் வாங்கா குடியினர், கொடுத்ததையும் பறிகொடுத்ததையும் ‘கிப்பு’ எனும் கயிற்று முடிச்சுகளில் குறித்து வைத்தனர். எழுத்தறியாக் குடியினர் என்று நாம் எத்துணை எளிதாகச் சொல்லிவிடுகிறோம்! 1561இல் லிமா நகர நீதிமன்றத்தில் அம்முடிச்சுகளைக் கொண்டே அவர்கள் வழக்குரைத்தனர். லாமா, சோளம், விறகு, மட்பாண்டம் என ஒவ்வொன்றுக்கும் கணக்கு இருந்தது.