ஆள் திடீரென விழுந்துவிட்டார், மூச்சில்லை: ஆம்புலன்ஸ் வரும்வரை நீங்கள் என்ன செய்யலாம்?

கோலா பிலா பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம். சாயங்காலம், திடலில் பந்து விளையாட்டு. நன்றாக ஓடிக்கொண்டிருந்தவர், யாரும் இடிக்காமலே சரிந்து விழுகிறார் என்று வையுங்கள். "மயக்கம்தான், தண்ணி தெளிங்க" என்பார் ஒருவர். "கையில சாவியக் கொடுங்க" என்பார் இன்னொருவர். சோடா வாங்க ஒரு மோட்டார்சைக்கிள் கிளம்பிவிடும். அதற்குள் மூன்று நிமிடம் போயிருக்கும்.

இதய முடக்கத்தில் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. நான்கைந்து நிமிடத்திலேயே மூளை பாதிக்கத் தொடங்கிவிடும். துவாங்கு அம்புவான் நாஜிஹா மருத்துவமனை கோலா பிலா நகரில் இருக்கிறது. ஆனால் மண் ரோட்டில் தோட்டத்துக்குள் ஆம்புலன்ஸ் வந்து சேர அவ்வளவு நேரம் போதுமா?

மாரடைப்பும் இதுவும் ஒன்றா?

இல்லை. மாரடைப்பில், இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் குழாய் அடைத்துக்கொள்கிறது. நெஞ்சு வலிக்கும், வியர்த்துக் கொட்டும். ஆனாலும் ஆள் பெரும்பாலும் நினைவோடு பேசிக்கொண்டிருப்பார். இதய முடக்கத்தில் இதயத்தின் மின் இயக்கம் தாறுமாறாகி, ரத்தத்தைத் தள்ளும் வேலையே நின்றுவிடுகிறது. மலாயில் இது தெளிவு: முன்னது 'செராங்ஙான் ஜந்தோங்', பின்னது 'ஜந்தோங் தெர்ஹெந்தி'. நாம்தான் இரண்டையும் மாரடைப்பு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். 2016 டிசம்பர் 4-ஆம் தேதி சென்னை அப்பல்லோவில் ஜெயலலிதாவுக்கு ஏற்பட்டது இதய முடக்கம்தான். மறுநாள் இரவு அவர் காலமானார். அப்போதும் பலர் வாயில் வந்த சொல் மாரடைப்பு.

மாரடைப்பு முற்றி இதய முடக்கமாகலாம். மின்சாரம் தாக்கினாலும் வரும். குலை அறுக்கும் நீள அலுமினியக் கம்பு மின்கம்பியில் பட்டால் ஆபத்து அதுதான். அப்படி விழுந்தவரை, மின்சாரத்தை நிறுத்தும் முன் தொடவே கூடாது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லை, நெஞ்சு ஏறி இறங்கவில்லை என்றால் இதய முடக்கம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். குறட்டை மாதிரி விட்டு விட்டு ஒரு சத்தம் வரலாம். "மூச்சு இருக்குப்பா" என்று பலர் ஏமாறுவது இங்கேதான். அது மூச்சு இல்லை.

999-ஐக் கூப்பிட்டு போனை ஸ்பீக்கரில் வையுங்கள். பதற்றத்தில் சொல் வராது, அதனால் இப்போதே மனப்பாடம் செய்யுங்கள்: "திடாக் செடார், திடாக் பெர்நாஃபாஸ்." தோட்டத்தின் பெயரோடு எந்த வாசல் என்பதையும் சொல்லுங்கள், வழிகாட்ட ஒருவரை மெயின் ரோட்டுக்கு அனுப்புங்கள்.

பிறகு சிபிஆர். கெட்டியான தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். நெஞ்சின் நட்டநடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதி, அதன்மேல் இன்னொரு கை. முழங்கை மடங்காமல் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அமுக்குங்கள். ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுசா மேலே வரட்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, அதாவது நொடிக்கு இரண்டு தடவைக்குக் கொஞ்சம் குறைவு. பெரியவர்களுக்கு வாயில் ஊதத் தெரியாவிட்டால் பரவாயில்லை, அமுக்கினால் போதும். கை சீக்கிரம் ஓய்ந்துவிடும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். விலா எலும்பு உடையுமோ என்ற பயம் எல்லோருக்கும் வரும். உடையலாம், பிறகு கூடிவிடும்.

கேஎல் மால்களில் சுவரில் மாட்டியிருக்கும் ஏஇடி பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். அது அருகில் இருந்தால் ஒருவர் ஓடிப்போய் எடுத்து வரட்டும். திறந்ததும் அதுவே பேசிச் சொல்லித்தரும். தேவைப்பட்டால் மட்டுமே ஷாக் கொடுக்கும்.

2021 ஜூன் 12-ஆம் தேதி யூரோ ஆட்டத்தில் டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் இப்படித்தான் விழுந்தார். திடலிலேயே சிபிஆர், ஷாக் இரண்டும் கிடைத்தன. 2024 யூரோவில் ஸ்லோவேனியாவுக்கு எதிராக அவர் கோல் அடித்தார்.

செம்பிறைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் இதற்குப் பயிற்சி தருகின்றன. பள்ளியில் அந்தச் சீருடை இயக்கத்தில் இருந்த யாராவது உங்கள் தோட்டத்தில் நிச்சயம் இருப்பார்கள். அடுத்த ஞாயிறு ஆட்டத்துக்கு முன்னால், ஒரு தலையணையை வைத்துச் செய்துகாட்டச் சொல்லுங்கள்.