கிராமுக்கு 50 சதம்

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டனுக்கு ஏறுகிறவர்கள், காற்று ஆளையே தள்ளும் அந்தக் கோபுர உச்சியைத் தொடுவதற்குள் எங்காவது ஒரு கடையில் நின்றுவிடுவார்கள். வாங்கும் சோடாப் போத்தலில் ஒரு நிறக்குறி இருக்கும். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைவென்றால் பச்சை, இடைப்பட்டது செம்மஞ்சள். 2016 ஆகஸ்டில் வந்த ஏற்பாடு இது. கண்ணில் படாத இன்னொன்றும் அந்தப் போத்தலோடு மலையேறுகிறது: சீனி வரி. அது வந்த பாதையில் ரத்தோட்டைப் பாதையைவிட வளைவுகள் அதிகம்.

சீனி, ரம், புகையிலை மூன்றும் வரி போடத் தோதான பண்டங்கள் என்று 1776 இலேயே எழுதிவிட்டார் ஆடம் ஸ்மித். உயிர்வாழ அவை தேவையில்லை, ஆனாலும் எல்லோரும் வாங்குகிறார்கள் என்பது அவர் கணக்கு. யாருடைய தொப்பையைப் பற்றியும் அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கஜானா நிரம்ப வேண்டும், அவ்வளவுதான். பிரித்தானியா 1874 இல் சீனித் தீர்வையை ஒழித்தது. ஆலைத் தொழிலாளியின் தேநீர்க் கோப்பையில் சீனி தாராளமாக விழத் தொடங்கிய அந்தக் காலத்தில்தான் நம் மலைகளில் தேயிலையும் பரவிக்கொண்டிருந்தது.

வரியை எதில் வைக்கிறார்கள் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று மாத்தளைக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1848 இல் ஆளுநர் டொரிங்டன் நாய்க்கு, துவக்குக்கு, கடைக்கு என்று வரி போட்டார், ஊர் கிளர்ந்தது. கிளர்ச்சித் தலைவர் புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார். டொரிங்டனையும் 1850 இல் லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது.

பிறருக்குத் தீங்கு தரும் செயலுக்கு வரியால் விலை வைக்கலாம் என்ற யோசனையை 1920 இல் முன்வைத்தவர் பொருளியலாளர் பிகூ. அதைத் தின்பண்டத்தின் மேல் கொண்டுபோய் வைத்தவர் யேல் பல்கலைக்கழகத்து உளவியலாளர் கெல்லி பிரௌனெல். 1994 இல் அவர் எழுதியதைப் படித்தவர்கள் ஒரு கிரீம் கேக்கின் பெயரால் 'ட்விங்கி வரி' என்று கேலி செய்தார்கள். கேலி அடங்கியதும் அரசுகள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதத் தொடங்கின. டென்மார்க் 2011 இல் கொழுப்புக்கு வரி போட்டது. சனங்கள் எல்லை தாண்டி ஜெர்மனியில் வெண்ணெய் வாங்கினார்கள். 2013 பிறந்ததும் வரி போய்விட்டது. கேரளம் 2016 இல் பெயர்பெற்ற உணவகங்களின் பர்கர், பீட்சாவுக்கு 14.5 சதவீதம் விதித்தது. தெருக்கடைப் பழம்பொரி தப்பியது. மறுவருடம் ஜிஎஸ்டி வந்து அந்த வரியை விழுங்கியது.

மெக்சிகோ 2014 இல் இனிப்புப் பானங்களுக்கு லீற்றருக்கு ஒரு பெசோ என்றது. அந்த லீற்றரில் எவ்வளவு இனிப்பு என்று கேட்கவில்லை. அதற்கு முந்தைய வருடமே மொரீசியஸ் சீனியைக் கிராம் கணக்கில் அளந்து வரி போட்டிருந்தது. கரும்பு வெட்டத் தமிழர்களைக் கப்பலேற்றிக் கொண்டுபோன அதே தீவுதான்!

2017 நவம்பரில் இலங்கை நிதியமைச்சர் மங்கள சமரவீர தன் வரவுசெலவுத் திட்டத்தில் பிடித்ததும் இந்தக் கிராம் தராசையே: கிராமுக்கு 50 சதம். 100 மில்லிலீற்றரில் 10 கிராம் சீனி உள்ள ஒரு லீற்றர் போத்தலுக்கு 50 ரூபாய். சீனியைக் குறைத்தால் வரியும் குறையும் என்பதால், உற்பத்தியாளரைக் கலவையை மாற்றத் தூண்டும் நல்ல தராசு என்பேன். 2018 ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவும் கிராம் கணக்குக்கு வந்தது. பிரித்தானியாவோ சீனி அளவைப் படிகளாகப் பிரித்து லீற்றருக்கு விதித்தது. இங்கோ அந்த வருடக் கடைசி அரசியல் குழப்பத்திலேயே விகிதம் இறங்கிவிட்டது.

அதைவிட வேடிக்கை சீனி மூட்டையில் நடந்தது. கிராமுக்கு 50 சதம் என்றால் கிலோவுக்கு 500 ரூபாய். போத்தலுக்குள் போன சீனியை ஒருகாலத்தில் அப்படி மதித்த அதே திறைசேரி, 2020 ஒக்டோபர் 13 இல் இறக்குமதிச் சீனியின் தீர்வையைக் கிலோ 50 ரூபாயிலிருந்து 25 சதத்துக்கு இறக்கியது. 2023 நவம்பரில்தான் அது மறுபடி 50 ரூபாயானது.

ரிவர்ஸ்டன் குளிரில் சோடா கேட்பவர்களைவிடத் தேத்தண்ணி கேட்பவர்களே அதிகம். அதில் விழும் இரண்டு கரண்டிச் சீனிக்கு நிறக்குறி கிடையாது, கிராம் தராசும் கிடையாது. பழைய ஆட்கள் சீனியே கேட்பதில்லை. உள்ளங்கையில் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியை வைத்துக் கடித்துக்கொண்டு பிளேன்டீயை உறிஞ்சுகிறார்கள்.