பெரிய கோயில் பேசிய சம்பளம்



அமெரிக்காவில் டாட்ஜர்ஸ் என்ற பேஸ்பால் அணி, 2023 டிசம்பரில் ஒட்டானி என்ற வீரருக்கு 10 ஆண்டுக்கு 70 கோடி டாலர் பேசியது. பாதியில் ஆட்டம் ஓய்ந்துவிட்டால் கட்டுப்படியாகுமா என்று கேட்கிறார்கள். தஞ்சாவூர்க்காரர்களுக்கு இது பழைய கேள்வி.

பெரிய கோயிலில், 1014-வாக்கில் ராஜராஜன் வெட்டுவித்த கல்வெட்டைப் பாருங்கள். திருவாரூர் முதலான ஊர்க் கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்களை ஆடல் பணிக்குக் கொண்டுவந்து குடியமர்த்தினான். ஒவ்வொருத்தி பெயரும், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதும் அதில் இருக்கிறது. ஆளுக்கு ஒரு வீடு, ஒரு பங்கு. பங்கு என்றால் ஆண்டுக்கு 100 கலம் நெல், 'ஆடவல்லான்' மரக்காலால் அளந்து. இவர்களுக்கு மட்டுமே 40,000 கலம்! நட்டுவனாருக்கு இரண்டு பங்கு. கெடு எதுவும் கிடையாது.

அடுத்து வரும் நிபந்தனையை வகுப்பில் நான் விடாமல் சொல்வேன். ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ, நெருங்கிய உறவினர் அந்தப் பங்கைப் பெற்று வேலை செய்யலாம். அவருக்குத் தகுதி இல்லையா? தகுதியுள்ள ஒருவரை அவர் நிறுத்த வேண்டும். உறவே இல்லையென்றால், மற்றப் பங்குக்காரர்கள் தகுதியானவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒட்டானிக்குப் பேசியது ஆளுக்கான சம்பளம். இங்கே நெல் வேலையோடு ஒட்டிக்கொண்டது. கோயிலுக்கு இது கட்டுப்படியான பேரம்தான் என்பேன்.

அந்தப் பெண்களுக்கு? ஒட்டானி தன் விலையைத் தானே பேசி வாங்கினார். இவர்களிடம் சம்மதம் கேட்டதாகக் கல்வெட்டில் ஒரு சொல் இல்லை.